ஒரு முத்தமும் ஒரு தாலியும்: 'சித்திரப் பாவை'யில் வர்க்கமும் மணமும்

கந்தர்வக்கோட்டையிலிருந்து புதுக்கோட்டைக்குப் போகும் சாலையில், முந்திரிக்குப் பேர்போன ஆதனக்கோட்டையைத் தாண்டினால் பெருங்களூர். 1922இல் அகிலன் பிறந்த ஊர். 1968இல் நூலாக வந்த அவருடைய 'சித்திரப் பாவை', 1975ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருதைப் பெற்றது. தமிழுக்குக் கிடைத்த முதல் ஞானபீடம் அதுதான். சுந்தர ராமசாமி அந்தத் தேர்வைக் கடுமையாக மறுத்து எழுதினார். கலைத்தரம் பற்றிய அந்த விவாதம் தேவையானதே. ஆனால் அதன் இரைச்சலில், திருமணம் பற்றி நாவல் சொல்வது போதிய கவனம் பெறவில்லை.

பணம் காதலைப் பிரிப்பது தமிழ் வாசகருக்குப் பழகிய கதை. அகிலன் காட்டுவது வேறு வழி. ஓவியன் அண்ணாமலையைக் காதலிக்கும் ஆனந்தியை, செல்வமே குறியான மாணிக்கம் ஏமாற்றி முத்தமிடுகிறான். அவளுக்கு அதில் விருப்பம் துளியும் இல்லை. என்றாலும், தீண்டியவனே கணவன் என்று அவள் மனம் தீர்ப்பளித்துவிடுகிறது; அவனுக்கே கழுத்தை நீட்டுகிறாள். இங்கே பெற்றோரின் மிரட்டலோ சீர்வரிசைப் பேரமோ தேவைப்படவில்லை. விலை கொடுத்து வாங்க முடியாததைக் கற்பு என்ற நம்பிக்கை இனாமாக மாணிக்கத்தின் கையில் கொடுத்துவிடுகிறது. குற்றம் செய்தவன் மாப்பிள்ளையாகிறான். குற்றத்துக்கு ஆளானவள் அதற்குப் பரிகாரமாகத் தன் வாழ்க்கையைத் தருகிறாள். இந்த நாவலில் வர்க்கமும் கற்பும் தனித்தனிப் பொருள்கள் அல்ல, ஒன்று மற்றொன்றின் கையாள் என்பதே என் வாதம்.

ஜேன் ஆஸ்டின் 1813இல் வெளியிட்ட புகழ்பெற்ற காதல் நாவலிலும் இதே முடிச்சு உண்டு. விக்காமோடு ஓடிப்போன நாயகியின் தங்கை லிடியாவின் மானத்தைக் காக்க, நாயகியைக் காதலிக்கும் செல்வந்தன் டார்சி பணம் கொடுத்து அவனையே அவளுக்கு மணமுடித்து வைக்கிறான். ஆனால் ஆஸ்டின் அந்த அவலத்தைத் தங்கையின் தலையில் கட்டிவிட்டு, நாயகி எலிசபெத்துக்குக் காதலும் வசதியும் ஒன்றாகக் கிடைக்கச் செய்கிறார். அகிலன் அதை நாயகியின் தலையிலேயே சுமத்துகிறார். அந்தத் துணிவை நம் விமர்சனம் இன்னும் உரிய முறையில் மதிக்கவில்லை.

நாவலின் பெரிய குறை சாதி. கந்தர்வக்கோட்டை வட்டாரத்தில் பெண் கேட்டு வருபவரிடம் முதலில் விசாரிப்பது சாதியையும் வகையறாவையும்தான். எத்தனை ஏக்கர், எத்தனை பவுன் என்ற பேச்சு அதற்கப்புறம். தான் பிறந்த மண்ணின் இந்த வரிசையை அகிலன் அறியாதவர் அல்லர். இருந்தும் மோதலைப் பணத்துக்கும் கலைக்கும் இடையிலானதாக அமைக்கிறார். நாவல் முதலில் தொடராக வந்த வார இதழின் பரந்த வாசகர் கூட்டம் சங்கடமின்றி ஏற்கக்கூடிய மோதல் அதுவே என்று கருதுகிறேன்.

இறுதியில் ஆனந்தி தாலியைத் துறந்து மாணிக்கத்தை விட்டு வெளியேறுகிறாள். அன்றைய வெகுஜன எழுத்தில் இது சிறிய காரியம் அல்ல. ஆனால் அந்த விடுதலைக்கு நாவல் காட்டும் நியாயம் மாணிக்கத்தின் கொடுமை. அவன் அன்பான கணவனாக மாறியிருந்தால், ஏமாற்றிப் பெற்ற முத்தத்தின் மேல் எழுந்த அந்த மணம் செல்லுபடியாகியிருக்குமா? மணத்தின் தொடக்கத்திலேயே இருந்த அந்த அநீதியை, கணவனின் பிற்கால நடத்தையை வைத்தே நாவல் அளக்கிறது. ஆனந்தியின் சம்மதமின்மை ஒன்றே அந்தத் தாலியைச் செல்லாததாக்கப் போதும் என்று சொல்லும் இடம் வரை அகிலன் வரவில்லை.