உறுப்புக் கொடையும் சிங்கப்பூர் ஃபத்வாக்களும்

அறியாமைக் காலத்தில் குலாப் என்னுமிடத்தில் நடந்த போரில் அர்ஃபஜா இப்னு அஸ்அத் என்பார் தம் மூக்கை இழந்தார். வெள்ளியால் ஒரு மூக்குச் செய்து பொருத்திக் கொண்டார். நாளடைவில் அது நாற்றமெடுத்தது. பின்னாளில் இஸ்லாத்தைத் தழுவிய அவருக்கு, பொன்னால் மூக்குச் செய்து கொள்ளுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அபூதாவூதிலும் திர்மிதீயிலும் இச்செய்தி காணப்படுகிறது. ஆண்களுக்குப் பொன்னணி விலக்கப்பட்டதென்பது யாவரும் அறிந்ததே. எனினும் சிதைந்த உடலைச் சீர்செய்யும் தேவை வந்தபோது அவ்விலக்கு தளர்த்தப்பட்டது.

அதே அபூதாவூதில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாக மற்றொரு நபிமொழியும் உண்டு. இறந்தவரின் எலும்பை முறிப்பது உயிருடன் இருப்பவரின் எலும்பை முறிப்பதற்கு ஒப்பாகும் என்பது அதன் கருத்து. முன்னது வாழ்பவரின் நலத்தைப் பேணுகிறது. பின்னது இறந்தவரின் கண்ணியத்தைக் காக்கிறது. உறுப்புக் கொடை பற்றி நம் காலத்து உலமாப் பெருமக்கள் நடத்திய ஆய்வு முழுவதும் இவ்விரு நெறிகளையும் ஒருசேரக் காப்பது எவ்வாறு என்பதைப் பற்றியதே.

இவ்வினா முற்றிலும் புதியதன்று. ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ நம் மத்ரஸாக்களில் தலைமுறை தலைமுறையாக ஓதப்படும் நூல். தூய எலும்பு கிடைக்காத நிலையில், முறிந்த எலும்பைத் தூய்மையற்ற எலும்பு கொண்டு இணைத்தவர் மன்னிக்கப்பட்டவர் என்று தொழுகைப் பாடத்தில் அவர்கள் எழுதியுள்ளார்கள். பசியால் உயிர் போகும் நிலையிலுள்ளவர் வேறெதுவும் கிடைக்காவிடில் இறந்த மனிதரின் தசையையும் உண்டு உயிர் காக்கலாம் என உணவுப் பாடத்தில் கூறியுள்ளார்கள். இறந்த தாயின் வயிற்றில் உயிருள்ள சிசு இருக்குமாயின் வயிற்றைக் கீறி அதனைக் காக்க வேண்டும் என்பது இமாம் ஷீராஸீ (ரஹ்) அவர்களின் ‘முஹத்தப்’ கூறும் சட்டம். மாணவப் பருவத்தில் இவ்வரிகளை நாம் வேகமாக ஓதிக் கடந்தோம். அவற்றுக்குத் தேவை வரும் காலமொன்று உண்டென்று அன்று நமக்குத் தோன்றவில்லை.

அத்தேவை எவ்வாறு வந்தது, அறிஞர்கள் அதனை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதைச் சிங்கப்பூரின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. நாகூரிலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் சென்று குடியேறிய நம் மக்கள் வாழும் நாடு அது. 1826இல் தோன்றிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் இன்றும் அங்கே நிலைத்து நிற்கிறது. எனவே அங்கு வழங்கப்படும் மார்க்கத் தீர்ப்பு மலாய் முஸ்லிம்களோடு நம்மவரையும் சேர்த்தே கட்டுப்படுத்துவதாகும்.

சிங்கப்பூரில் முதல் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை 1970இல் நடைபெற்றது. விரும்புவோர் தம் உறுப்புகளை மரணத்திற்குப்பின் வழங்க உறுதியளிப்பதற்கான சட்டம் 1972இல் இயற்றப்பட்டது. முஸ்லிம்கள் இதில் பங்கு கொள்ளலாமா என்ற வினா எழுந்தது. 1968இல் நிறுவப்பட்ட சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றத்தின் ஃபத்வாக் குழு, 1973இல் கூடாதென்று தீர்ப்பளித்தது. அக்காலத்தில் இச்சிகிச்சையின் வெற்றி உறுதியற்றது. உடலோ இறைவனின் அமானிதம். ஆகவே எச்சரிக்கையான தீர்ப்பு வந்ததில் வியப்பில்லை.

ஆனால் மருத்துவம் அங்கேயே நின்றுவிடவில்லை. மாற்றப்பட்ட உறுப்பை உடல் தள்ளிவிடாது தடுக்கும் மருந்துகள் 1980களில் மேம்பட்டன. பல நாடுகளின் உலமாக்களும் இதனை ஆராய்ந்தனர். இறந்தோரின் கண்களை எடுத்துப் பார்வையற்றோருக்குப் பயன்படுத்தலாமென்று 1959இலேயே எகிப்தின் முஃப்தி ஷைகு ஹஸன் மஃமூன் தீர்ப்பளித்திருந்தார். 1982இல் சவூதி அரேபியாவின் மூத்த உலமாக்கள் அவை நிபந்தனைகளுடன் உறுப்பு மாற்றத்தை அனுமதித்தது. சிங்கப்பூர்க் குழுவும் வினாவை மீண்டும் எடுத்து ஆராய்ந்து, சிறுநீரகம் வழங்க உறுதியளிப்பது ஆகுமென்று 1986இல் அறிவித்தது.

அடுத்த ஆண்டில் ஓர் இக்கட்டு தோன்றியது. 1987ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றச் சட்டம், விபத்தில் மாண்டவர் உயிருடன் இருந்தபோது மறுப்புத் தெரிவிக்காதிருந்தால் அவர் இசைந்ததாகவே கொண்டு சிறுநீரகத்தை எடுக்க வழி செய்தது. வெளிப்படையான சம்மதம் வேண்டுமென்பது அன்றைய மார்க்கத் தீர்ப்பாகையால் முஸ்லிம்களுக்கு அச்சட்டத்திலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. விரும்பும் முஸ்லிம் தாமே முன்வந்து உறுதிப் பத்திரம் எழுத வேண்டும்.

விலக்கு ஒரு சலுகையாகவே தோன்றியது. ஆயினும் அதற்கு ஒரு விலை இருந்தது. கொடுக்க மறுக்காதவருக்கே பெறுவதில் முன்னுரிமை என்பது அச்சட்டத்தின் விதி. ஆகவே உறுதிப் பத்திரம் எழுதாத முஸ்லிம் நோயாளி காத்திருப்போர் வரிசையில் பின்னே தள்ளப்பட்டார். பத்திரம் எழுதியோரோ குறைவு. வாரத்திற்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் இயந்திரத்தின் துணையால் இரத்தத்தைச் சுத்திகரித்துக் கொண்டு, ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவரின் குடும்பத்தாருக்கு அந்த வரிசை எத்தகையதென்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

2004இல் அச்சட்டம் கல்லீரல், இதயம், கருவிழி ஆகியவற்றுக்கும் விரிவாக்கப்பட்டது. இறுதியில் 2007இல் ஃபத்வாக் குழு, மறுப்பதற்கு வாய்ப்பளிக்கப்பட்டும் மறுக்காதிருப்பதைச் சம்மதமாகக் கொள்ளலாமென்று தீர்ப்பளித்தது. 2008 ஆகஸ்ட் முதல் நாளிலிருந்து முஸ்லிம்களும் அச்சட்டத்தினுள் வந்தனர். விரும்பாதவர் விலகிக் கொள்ளும் உரிமை இன்றும் உண்டு.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1972 முதல் 2010 வரை சிங்கப்பூரின் முஃப்தியாக விளங்கியவர் ஒருவரே. அவர் செய்யித் ஈஸா செமைத். கூடாதென்ற தீர்ப்பும், ஆகுமென்ற தீர்ப்பும் அவர் காலத்தவையே. இதனைத் தடுமாற்றமென்று எண்ணுவோர் நம் மத்ஹபின் வரலாற்றை நினைவுகூர வேண்டும். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் பாக்தாதில் கூறிய சட்டங்கள் பலவற்றை எகிப்து சென்றபின் மாற்றினார்கள். முன்னதைக் ‘கதீம்’ என்றும் பின்னதை ‘ஜதீத்’ என்றும் இன்றளவும் ஓதி வருகிறோம். அதனால் இமாமவர்களின் மதிப்பு குறைந்ததா? இல்லை. ஆய்வில் தெளிந்ததை அஞ்சாது கூறிய நேர்மையே விளங்கிற்று.

மாற்றுக் கருத்துடையோரும் இருந்தனர், இருக்கின்றனர். பாகிஸ்தானின் முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) அவர்கள் இதனை ஏற்கவில்லை. மூளை செயலிழத்தலே மரணமாகுமா என்பதிலும் கருத்து வேற்றுமை உண்டு. 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அவை ஆகுமென்றது; 1987இல் மக்காவின் ராபித்தா ஃபிக்ஹு அவை இதயத் துடிப்பும் நிற்க வேண்டுமென்றது. இவர்களின் தயக்கம் அல்லாஹ்வின் அச்சத்தால் எழுந்தது. அதனை ஏளனம் செய்வது தகாது.

ஆயினும் 1988இல் ஜித்தாவில் சர்வதேச அவை அளித்த தீர்ப்பு போன்றவை இத்தயக்கங்களுக்கெல்லாம் வரம்பு கட்டியே அனுமதி வழங்கியுள்ளன. இறந்தவரோ அவர் வாரிசுகளோ இசைந்திருக்க வேண்டும். பெறுபவரின் உயிரோ அடிப்படை உடற்செயலோ அதனைச் சார்ந்திருக்க வேண்டும். உறுப்பை விற்பது எவ்வகையிலும் கூடாது. எடுத்தபின் மையித்தைச் செம்மையாகத் தைத்து, கண்ணியத்தோடு குடும்பத்தாரிடம் ஒப்படைப்பது மருத்துவர்களின் கடமை. குளிப்பாட்டுதலும் கபனும் ஜனாஸாத் தொழுகையும் வழக்கம்போல் நடைபெறும்.

நம் இல்லங்களில் சிறுநீரகம் பழுதான ஒருவருக்கு உறுப்புத் தேவைப்படும்போது, அது எந்தச் சமயத்தாருடையது என்று நாம் கேட்பதில்லை. கிடைத்தால் அல்ஹம்துலில்லாஹ் என்று ஏற்றுக் கொள்கிறோம். கொடுக்கும் முறை வரும்போது மட்டும் மார்க்கம் இடந்தராதென்று சொல்வதாயின், அதனை ஆராய்ந்து சொல்கிறோமா, ஆராயாது சொல்கிறோமா என்று நம் உள்ளத்தைக் கேட்டுப் பார்க்க வேண்டும். ஓர் உயிரைக் காப்பது மனித இனம் முழுவதையும் காப்பதற்கு ஒப்பாகும் என்று திருமறை நமக்குப் போதிக்கிறது.

ஆகவே பெரியோர்கள் தம் ஊர் ஆலிம்களிடம் இதனைக் கேட்டுத் தெளிந்து, தம் விருப்பம் எதுவாயினும் அதனை மனைவி மக்களிடம் இப்போதே சொல்லி வைப்பது நலம். மருத்துவமனை வாயிலில் அழுது நிற்கும் பிள்ளைகளிடம் இவ்வினா முதன்முதலாகக் கேட்கப்படும் நிலையை அது தவிர்க்கும். நன்மையை அறிந்து செயல்படும் தெளிவை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக.