பாலேவாடியில் ஒரு மாத அணி

மைதானங்களின் கதை – 18

2012 ஏப்ரல் 2. மும்பை சர்ச்கேட் பக்கம் உள்ள மகிந்திரா ஹாக்கி ஸ்டேடியத்தில் 'வேர்ல்ட் சீரிஸ் ஹாக்கி' இறுதிப் போட்டி. ஒரு பக்கம் ஷேர்-ஏ-பஞ்சாப், மறுபக்கம் புனே ஸ்ட்ரைக்கர்ஸ். 5-2 என்று பஞ்சாப் ஜெயித்தது. தோற்ற அணிக்கு அதுவே கடைசி ஆட்டமாகவும் ஆகிப்போனது. பிப்ரவரி 29-ல்தான் அந்த லீக் தொடங்கியிருந்தது. ஆக, புனே நகரம் தன் பெயரில் ஒரு தொழில்முறை ஹாக்கி அணியை வைத்துக்கொண்டிருந்தது ஒரு மாதமும் சொச்ச நாளும்தான். அதற்குப் பின் இன்னொரு அணி அந்த ஊருக்கு வாய்க்கவில்லை.

சென்ற வாரம் ரூர்கேலாவில் இருந்தோம். இந்த வாரம் புனேக்கு வரக் காரணம் இருக்கிறது. இந்திய ஹாக்கிக்கு இந்த ஊர் கொடுத்ததும், இந்த ஊரில் அரசாங்கம் கட்டிவைத்த மைதானமும் ஒன்றையொன்று சரியாகச் சந்திக்கவே இல்லை.

முதலில் கொடுத்ததைப் பார்ப்போம். புனேயின் வடமேற்கே கட்கி. வெள்ளைக்காரர் ஏட்டில் கிர்க்கி. 1817 நவம்பர் 5-ம் தேதி பேஷ்வாவின் படையும் கம்பெனிப் படையும் மோதிய இடம். சண்டை முடிந்ததும் அங்கேயே கன்டோன்மென்ட் வந்தது. 1869-ல் வெடிமருந்துத் தொழிற்சாலை வந்தது. பட்டாளமும் தொழிற்சாலையும் இருக்கிற இடத்துக்குத் தெற்கிலிருந்து குடும்பங்கள் பிழைக்கப் போவது புதிதல்ல. அப்படி வேர்விட்ட தமிழ்க் குடும்பங்களில் ஒன்று நாகலிங்கம் பிள்ளை – ஆண்டாளம்மா தம்பதியுடையது. நாகலிங்கத்துக்கு மைதானத்தைப் பராமரிக்கும் வேலை. 1968 ஜூலை 16-ம் தேதி அவர்களுக்குப் பிறந்த பிள்ளைதான் தன்ராஜ்.

தன்ராஜ் பிள்ளை ஹாக்கி கற்றது ஆர்டனன்ஸ் தொழிற்சாலைக் குடியிருப்பின் மண் தரையில். பெரியவர்கள் உடைத்துப்போட்ட ஸ்டிக்கும், இனி ஆகாது என்று ஒதுக்கிய பந்தும்தான் அண்ணன் தம்பிகளுக்குக் கிடைத்த தளவாடம். மழை பெய்தால் சேறு, வெயில் காய்ந்தால் கட்டாந்தரை. 1980-களின் நடுவில் அண்ணன் ரமேஷ் ஆடிக்கொண்டிருந்த மும்பைக்குப் போய், பிறகு மகிந்திரா அணியில் சேர்ந்தார். 1989-ல் டெல்லியில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக இறங்கினார். அடுத்த பதினைந்து வருஷத்தில் நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை. 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய அணிக்கு அவர்தான் கேப்டன். அவர் மொத்தம் எத்தனை கோல் போட்டார் என்பதை நம்மவர்கள் முறையாக எழுதிக்கூட வைக்கவில்லை. இந்திய ஹாக்கி நிர்வாகத்தின் லட்சணத்துக்கு இது ஒன்றே போதும். அவருடைய வாழ்க்கை வரலாற்றுப் புத்தகத்தின் தலைப்பிலும் தமிழ் நுழைந்துவிட்டது: 'ஃபர்கிவ் மி அம்மா'.

கட்கியிலிருந்து வந்து இந்தியாவுக்கு ஆடிய இன்னொருவர் விக்ரம் பிள்ளை. பெண்கள் பக்கம் பார்த்தால், 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியின் கேப்டன் எலிசா நெல்சன் புனேயில் பிறந்தவர். இவர்கள் யாருக்கும் ஸ்டேடியம் கட்டிக் கொடுத்து யாரும் வளர்க்கவில்லை.

கட்டிய கதை 1994-ல் வருகிறது. அந்த வருஷம் தேசிய விளையாட்டுப் போட்டியை நடத்தும் வாய்ப்பு மகாராஷ்டிரத்துக்கு. சரத் பவார் முதலமைச்சர். ஓடியாடி ஏற்பாடு செய்தவர் புனேயின் அரசியல்வாதி சுரேஷ் கல்மாடி. நகரத்துக்கு வெளியே, மும்பை – பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிய பாலேவாடி கிராமத்தில் சுமார் 150 ஏக்கரில் ஸ்ரீ சிவ் சத்ரபதி விளையாட்டு நகரம் எழுந்தது. தடகளம், நீச்சல், பேட்மின்டன் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அரங்கு. எல்லாம் மாநில அரசின் பணம், அதாவது ஜனங்களின் பணம். போட்டி முடிந்ததும் அந்த வளாகம் வருஷக்கணக்கில் அடுத்த விழாவுக்காகக் காத்திருந்தது. 2008 அக்டோபரில் காமன்வெல்த் இளைஞர் விளையாட்டு வந்தபோது மறுபடியும் கஜானா திறந்தது; சாலை, அரங்கு எல்லாவற்றுக்கும் புதுப்பூச்சு. இந்தியா 33 தங்கம் வாங்கி முதலிடம் பிடித்தது. அந்தப் போட்டியில் இருந்த ஒன்பது ஆட்டங்களில் ஹாக்கி இல்லை.

ஹாக்கிக்கு மைதானம் ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்கலாம். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக் வரை அது புல் ஆட்டம். அங்கேதான் முதல் முறை செயற்கைத் தரை விரித்தார்கள். அதுவரை ஒலிம்பிக்கில் பதக்கமில்லாமல் திரும்பியறியாத இந்தியா அன்று ஏழாவது இடம். அதிலிருந்து ஹாக்கி, ஏழை நாட்டுக்குச் செலவு பிடித்த ஆட்டமாகிவிட்டது. சர்வதேசத் தரத்து டர்ஃப் ஒன்றை விரிக்கக் கோடிகளில் பணம் வேண்டும். விரித்தால் மட்டும் போதாது. ஆட்டத்துக்கு முன்னும் இடைவேளையிலும் ஓரத்து பீரங்கிக் குழாய்கள் தண்ணீர் பீய்ச்சித் தரை முழுவதையும் நனைக்க வேண்டும். காய்ந்த டர்ஃபில் பந்து தடுக்கும், விழுந்தால் முழங்கால் தோல் உரியும். பத்து வருஷத்துக்குள் நார் தேய்ந்து, மறுபடி மாற்ற வேண்டிய நிலை வரும். இந்தச் செலவை எந்தத் தனியார் அணியும் ஏற்காது. ஆகவே இந்தியாவில் ஹாக்கி லீக் என்றாலே அரசாங்கத்தின் டர்ஃப் மேல் தனியாரின் பெயர்ப் பலகை என்றுதான் அர்த்தம்.

2005-ல் தொடங்கிய பிரீமியர் ஹாக்கி லீக்கிலேயே இதைப் பார்க்கலாம். முதல் சீசன் முழுவதும் ஹைதராபாத் கச்சிபௌலியில் நடந்தது. ஆந்திர அரசு தேசிய விளையாட்டுக்கும் ஆஃப்ரோ-ஆசிய விளையாட்டுக்கும் கட்டிய இடம் அது. மகாராஷ்டிரத்தின் அணி மராத்தா வாரியர்ஸ். தன்ராஜ் அதில் ஆடினார். தன் மாநிலத்து அணிக்காக ஆட அவர் ஹைதராபாத் போக வேண்டியிருந்தது.

இரண்டு சங்கங்கள், ஒரு லீக்

2008 மார்ச்சில் சிலியின் சான்டியாகோவில் பிரிட்டனிடம் தோற்று, ஒலிம்பிக்குக்கே இந்தியா தகுதி பெறவில்லை. 1928-க்குப் பிறகு அப்படி நடந்ததே கிடையாது. அடுத்த மாதமே அணித் தேர்வுக்கு லஞ்சம் என்ற புகார் ரகசிய கேமரா வழியாக டிவியில் வெடித்தது. இந்திய ஒலிம்பிக் சங்கம் இந்திய ஹாக்கி சம்மேளனத்தை ஓரங்கட்டியது. அப்போது ஒலிம்பிக் சங்கத்தின் தலைவர் யார்? பாலேவாடியைக் கொண்டுவந்த அதே கல்மாடி. பிறகு 'ஹாக்கி இந்தியா' என்று புதிய அமைப்பு பிறந்தது. பழையது விடுவதாக இல்லை. டெல்லி உயர் நீதிமன்றம் 2010-ல் அதன் பக்கம் தீர்ப்பும் சொன்னது. சர்வதேச சம்மேளனமோ புதியதைத்தான் அங்கீகரித்தது.

இந்தக் குடுமிப்பிடியில் பிறந்த பிள்ளைதான் வேர்ல்ட் சீரிஸ் ஹாக்கி. பழைய சம்மேளனமும் நிம்பஸ் நிறுவனமும் சேர்ந்து நடத்தின. எட்டு அணிகள், சொந்த ஊரிலும் எதிரணி ஊரிலுமாக ஆட்டங்கள். சென்னை சீட்டாஸுக்கு எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியம், புனே ஸ்ட்ரைக்கர்ஸுக்குப் பாலேவாடி. கல்மாடியின் சங்கம் ஒதுக்கிய அமைப்பு, கல்மாடி கொண்டுவந்த வளாகத்தில் வந்து லீக் நடத்தியது. அரசியலில் இதெல்லாம் சகஜம்.

அந்த லீக்கில் ஆடினால் நாட்டுக்கு ஆட முடியாது என்ற மிரட்டல் தலைக்கு மேல் தொங்கியது. அதனால் லண்டன் ஒலிம்பிக் கனவில் இருந்தவர்கள் பலர் ஒதுங்கினார்கள். வந்தவர்கள் பழைய நட்சத்திரங்களும், வாய்ப்பு கிடைக்காத இளைஞர்களும், வெளிநாட்டுக்காரர்களும். 43 வயதில் தன்ராஜும் மட்டை பிடித்தார், ஆனால் கர்நாடகா லயன்ஸுக்காக. கட்கியிலிருந்து பாலேவாடி கூப்பிடு தூரம். அந்த ஊர் பெற்ற ஆகப்பெரிய ஆட்டக்காரன் தன் ஊர் அணிக்கு எதிரணிக்காரன். அணி உரிமையாளர்களுக்கு அந்த ஊரின் வரலாறு தெரியுமா என்று எனக்குச் சந்தேகம் வருவது இங்கேதான்.

இரண்டாம் சீசன் வரும், வரும் என்றார்கள், வரவில்லை. சம்பளம் முழுசாக வரவில்லை என்று வீரர்கள் புலம்பியது செய்தியானது. 2013 ஜனவரியில் ஹாக்கி இந்தியா தன் சொந்த லீக்கை ஐந்து அணிகளோடு தொடங்கியது. மறு வருஷம் கலிங்கா லான்சர்ஸ் சேர்ந்து ஆறானது. மகாராஷ்டிரத்துக்கு ஒதுக்கப்பட்டது மும்பை. புனேயை யாரும் கேட்கவில்லை. 2017-ல் அந்த லீக்கும் படுத்தது. ஏழு வருஷம் கழித்து 2024 டிசம்பரில் எழுந்தபோது எட்டு ஆண்கள் அணி. தமிழ்நாடு டிராகன்ஸ் உண்டு, மகாராஷ்டிரமே இல்லை. ஆண்கள் ஆட்டங்களை ரூர்கேலாவிலும் ராஞ்சியிலும் நடத்தினார்கள். இரண்டும் மாநில அரசுகளின் மைதானங்கள். மண்டபம் அரசாங்கத்துடையது, லீக் ஒரு முகூர்த்தத்துக்கு வாடகைக்கு எடுத்த பார்ட்டி. தாலி கட்டியதும் கிளம்பிவிடும். மின்கட்டணமும் துடைப்பமும் உள்ளூர்க்காரர் தலையில்.

பணக்கார நாட்டிலும் இதே கதைதான், தொகைதான் பெரிது. வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீக்கான என்.ஹெச்.எல்., 1967-ல் ஆறு அணியிலிருந்து பன்னிரண்டாகப் பெருகியது. அன்று புது அணிக்கு நுழைவுக் கட்டணம் 20 லட்சம் டாலர். 2017-ல் களமிறங்கிய லாஸ் வேகாஸ் கொடுத்தது 50 கோடி டாலர், 2021-ல் வந்த சியாட்டில் 65 கோடி. இந்தக் காசைப் பழைய அணி முதலாளிகள் தங்களுக்குள் பிரித்துக்கொள்வார்கள். லீக் ஏன் விரிவடையத் துடிக்கிறது என்பது இப்போது புரியும். ஊர்களோ, எங்களுக்கு ஓர் அணி கொடுங்கள் என்று முன்கூட்டியே அரங்கம் கட்டிக் காத்திருக்கும். கனடாவின் கியூபெக் நகரம் அப்படித்தான், 1995-ல் பறிபோன அணியை மீட்கப் பொதுப் பணத்தில் 37 கோடி கனடிய டாலர் செலவழித்து 2015-ல் அரங்கம் திறந்தது. அணி வரவில்லை. அரிசோனாவின் கிளென்டேல் 2003-ல் அரங்கம் கட்டி அணியை வரவழைத்தது. இருபது வருஷம்கூட ஆகவில்லை, 2022-ல் குத்தகை முறிந்தது. அணி ஒரு கல்லூரி அரங்கில் ஐயாயிரம் பேர் முன் இரண்டு சீசன் ஆடிவிட்டு, 2024-ல் சால்ட் லேக் சிட்டிக்கு மூட்டை கட்டியது. நடுவே 2023-ல் பக்கத்து ஊரான டெம்பியில் புது அரங்கத் திட்டத்தை வாக்கெடுப்புக்கு விட்டார்கள். ஜனங்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பாலேவாடியைப் பற்றி யாரும் யாரையும் கேட்கவில்லை.

பாலேவாடிக்கு வந்து போனவர்கள் ஹாக்கிக்காரர்கள் மட்டுமல்ல. 2014-ல் வந்த எஃப்.சி. புனே சிட்டி கால்பந்து அணி 2019-ல் இல்லாமலே போய், அதன் இடத்தில் ஹைதராபாத் அணி முளைத்தது. நம்மூரிலிருந்தும் போயிருக்கிறது. இலங்கை வீரர்களை அனுமதிக்க முடியாது என்று தமிழக அரசு நின்றதால், சென்னையில் நடக்க வேண்டிய 2013 ஆசியத் தடகளம் பாலேவாடியில் நடந்தது. நுங்கம்பாக்கத்தில் இருபது வருஷம் போல் நடந்த சென்னை ஓபன் டென்னிஸ் 2018-ல் பாலேவாடிக்குப் போய், 2023 வரை இருந்து, அங்கிருந்தும் கிளம்பிவிட்டது.

இருந்து பலன் தந்தவை வேறு. பாலேவாடி வளாகத்திலேயே 'கிரீடா பிரபோதினி' என்ற மாநில அரசின் பயிற்சி மையம் இருக்கிறது. கிராமத்துப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, சோறு போட்டு, படிக்க வைத்து, ஆடப் பழக்குகிற விடுதி. சாத்தாரா மாவட்டத்திலிருந்து அங்கே வந்த வைஷ்ணவி பால்கே, 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் இருந்தார். அதேபோல பிம்ப்ரி-சின்ச்வட் மாநகராட்சி நேரு நகரில் மேஜர் தியான்சந்த் பெயரில் ஒரு ஹாக்கி ஸ்டேடியம் வைத்திருக்கிறது. 2021 டிசம்பரில் தேசிய சீனியர் ஆண்கள் போட்டி அங்கேதான் நடந்தது. இறுதி வரை வந்த தமிழ்நாடு, ஷூட்-அவுட்டில் உத்தரப் பிரதேசத்திடம் கோப்பையை விட்டது.

ஒரு லீக்கின் கால அட்டவணையை நம்பிப் பொதுப் பணத்தைக் கொட்டினால் அட்டவணையோடு அது முடிந்துவிடும். அதே பணத்தில் விடுதி நடத்தினால் ஆட்டக்காரர் கிடைப்பார். புனே இரண்டையும் செய்து பார்த்திருக்கிறது. என்னைக் கேட்டால், பாலேவாடியின் வரவு செலவில் வரவுப் பக்கம் எழுத வேண்டிய முதல் பெயர் அந்த விடுதிதான்.

கட்கி, தேஹு ரோடு, தாபோடி பக்கத்துத் தொழிற்சாலைக் குடியிருப்புகளில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்து வாசகர்கள் நிறைய பேர் இந்தத் தொடரைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். அந்த மண் தரை ஹாக்கியின் பழைய போட்டோ, கோப்பை, கிளப் ரசீது எது இருந்தாலும் ஆசிரியர் குழுவுக்கு நகல் அனுப்புங்கள். தன்ராஜுக்கு முன்னால் அங்கே ஆடியவர்களின் பெயர்களை இந்தத் தொடரில் பதிவு செய்ய வேண்டும்.

(அடுத்த வாரம்: எழும்பூர்)