கரிக்குள் தங்கிய மின்சாரம்

தலவாக்கலையிலிருந்து லிந்துலை, அக்கரப்பத்தனை என்று வளைந்து வளைந்து ஏறும் பாதை டயகமவில் போய் ஓய்கிறது. அதற்கப்பால் ஹோர்ட்டன் சமவெளியின் மலைச்சுவர். இந்தப் பக்கத்து ஓடைகளின் நீர் ஆக்ரா ஓயா வழியாகக் கொத்மலை ஓயாவைச் சேர்கிறது. 2012ஆம் ஆண்டு தொடக்கம் அந்நீர் தலவாக்கலையில் மறிக்கப்பட்டு, 150 மெகாவாட்டு ஆற்றலுடைய மேல் கொத்மலை மின்நிலையத்தை இயக்குகிறது. மலையில் பெய்த மழை, நாட்டுக்கு ஒளியாகிறது.

ஆனால் மின்சாரத்துக்கு ஒரு குறை உண்டு. நீரைத் தேக்கி வைக்கலாம். தேயிலையைப் பெட்டியில் அடைத்து வைக்கலாம். மின்சாரத்தையோ அப்படியே அள்ளி வைக்க இயலாது. அதனை வேறொரு பொருளுக்குள் ஒளித்துத்தான் வைக்கவேண்டும். அந்தப் பொருள் எது என்று மனிதன் தேடிய தேட்டமே மின்கலத்தின் வரலாறு. அந்த வரலாற்றில் இலங்கை மண்ணுக்கும் ஒரு பங்குண்டு என்பதைப் பலர் அறியார்.

தோட்டத்து லயன்களுக்கு மின்கம்பி வருவதற்கு வெகு காலம் முன்பே மின்கலம் வந்துவிட்டது. இரவுக் காவற்காரரின் கையில் டோர்ச் விளக்காகவும், காம்பிராவின் மூலையில் வானொலிப் பெட்டியாகவும் அது வந்தது. 1866ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்து லெக்லாஞ்சே அமைத்த கலத்தை, 1886இல் செர்மனியரான காஸ்னர் உலர்மின்கலமாக மாற்றினார். நாகத்தாலான கூடு, நடுவே ஒரு கரிக்கோல். இவையே அதன் உறுப்புகள். தீர்ந்துபோன பற்றரியை உடைத்து, அந்தக் கரிக்கோலால் சுவரில் கிறுக்கிய சிறுவர்கள் எத்தனையோ பேர். நாளைய விஞ்ஞானத்தின் மூலப்பொருள் ஒன்றைத் தாங்கள் கையில் பிடித்திருக்கிறோம் என்று அவர்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

அந்தக் கரியின் குலத்தைச் சேர்ந்ததுதான் காரீயம் என்றும் பென்சிற்கரி என்றும் வழங்கும் கனியம். காரீயம் என்ற பெயர் இருந்தாலும் அதில் ஈயம் ஓர் அணுவும் இல்லை, முற்றிலும் காபனே. பாறைப் பிளவுகளில் நரம்புபோல் ஓடும் தூய பென்சிற்கரி வாணிக அளவில் அகழப்படுவது உலகிலேயே இலங்கையில் மாத்திரந்தான். அதன் தூய்மை நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல். சில இடங்களில் தொண்ணூற்றொன்பதையும் எட்டும். கேகாலை மாவட்டத்துப் போகலையிலும், குருநாகல் மாவட்டத்துக் கஹட்டகஹவிலும் சுரங்கங்கள் நிலத்தின் அடியாழம் நோக்கி இறங்குகின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தக் கரிக்கு உலகெங்கும் கிராக்கி இருந்தது. உருக்கும் பித்தளையும் வார்க்கும் ஆலைகளுக்கு, தீயில் உருகாத மூசைகள் வேண்டியிருந்தன. அம்மூசைகளைச் செய்ய இலங்கைப் பென்சிற்கரி கப்பலேறியது. முதலாம் உலகப் போரின் நடுவே, 1916ஆம் ஆண்டில், ஏற்றுமதி 33,000 தொன்னைத் தாண்டியது. இலங்கையின் முதற் பிரதமர் டி. எஸ். சேனநாயக்காவின் தந்தையார் டொன் ஸ்பேட்டர் சேனநாயக்கா பெருஞ்செல்வம் ஈட்டியதும் இந்தத் தொழிலிலேதான். போர் முடிந்ததும் கிராக்கி வீழ்ந்தது; மடகாசுகரின் மலிவான சரக்கு போட்டிக்கு வந்தது. 1971இல் சுரங்கங்கள் அரசுடைமையாயின. ஒரு காலத்தில் உலகச் சந்தையை ஆண்ட தொழில், சில ஆயிரம் தொன் அளவில் சுருங்கிற்று.

இங்கே ஓர் ஒப்புமை தோன்றாமற் போகாது. கொழும்பில் 1883ஆம் ஆண்டிலேயே தேயிலை ஏலம் தொடங்கிவிட்டது. எனினும் மலையகத்தின் கொழுந்து நெடுங்காலம் பெட்டியிலடைபட்டுக் கடல் கடந்து, அங்கே கலக்கப்பட்டு, அங்கே பெயர் சூட்டப்பட்டு விலை ஏறியது. பென்சிற்கரியின் கதையும் அதுவே. உழைப்பு இங்கே, மதிப்பு அங்கே.

பின்பு எவரும் எதிர்பாராத திருப்பம் ஒன்று நேர்ந்தது. 1970களில் ஸ்டான்லி விற்றிங்ஹாம் என்னும் விஞ்ஞானி இலிதியம் என்ற மிக இலேசான உலோகத்தைக் கொண்டு, மீண்டும் மீண்டும் மின்னேற்றக்கூடிய கலம் ஒன்றை ஆக்கினார். ஆற்றல் மிகுதி, ஆபத்தும் மிகுதி. மின்னேற்றுந்தோறும் அவ்வுலோகம் முட்கள்போல் வளர்ந்து, மறுமுனையைத் தொட்டுத் தீமூட்டியது. அனோட்டு என்னும் மறைமுனையில் இலிதியத்தை உலோகமாக வைக்காமல், வேறொரு பொருளுக்குள் அடக்கி வைக்க வழியுண்டா என்பதே அப்போது எழுந்த வினா. 1980ஆம் ஆண்டளவில் பிரான்சின் கிறனோபிளில் ஆராய்ந்துகொண்டிருந்த மொரோக்கோ நாட்டவர் ரஷீத் யசாமி விடை கண்டார். பென்சிற்கரியின் காபன் படலங்கள் ஏடுகள்போல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டவை. அந்த ஏடுகளுக்கிடையே இலிதிய அயன்கள் புகுந்து தங்கவும், பின்னர் வெளியேறவும் முடியும் என்று அவர் காட்டினார். யப்பானில் அக்கிரா யோஷினோ 1985இல் காபன் அனோட்டுடன் முழுக்கலம் அமைத்தார். 1991இல் சோனி நிறுவனம் அத்தகைய கலத்தைச் சந்தைக்குக் கொணர்ந்தது. முதலில் வேறுவகைக் காபனே பயன்பட்டது. 1990களிலேயே பென்சிற்கரி அவ்விடத்தைப் பற்றிக்கொண்டது. 2019இல் குட்இனஃப், விற்றிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்று மலைச்சரிவில் கொழுந்து பறிப்பவரின் மடியிலுள்ள கைத்தொலைபேசியிலும் பென்சிற்கரி இருக்கிறது.

ஆயினும் அந்த ஏடுகளில் இடம் குறைவு. ஓர் இலிதிய அணுவுக்கு இடங்கொடுக்க ஆறு காபன் அணுக்கள் வேண்டும். ஒரு கிராம் பென்சிற்கரி 372 மில்லியம்பியர் மணித்தியாலத்துக்கு மேல் மின்னைத் தாங்காது. சிலிக்கனோ வேறு இயல்பினது. மணலிலும் படிகக்கல்லிலும் ஒட்சிசனோடு கூடியிருக்கும் மூலகம் அது. பேர்சீலியசு என்னும் சுவீடன் தேசத்து இரசாயன அறிஞரால் 1824இல் பிரித்தெடுக்கப்பட்டது. நான்கு சிலிக்கன் அணுக்கள் பதினைந்து இலிதிய அணுக்கள் வரை ஏற்கும். கிராமுக்கு ஏறத்தாழ 3,600 மில்லியம்பியர் மணித்தியாலம். பென்சிற்கரியைப்போல் ஒன்பது மடங்குக்கும் மேல்!

அப்படியானால் சிலிக்கனையே வைத்துவிடலாமே என்று நேயர்கள் கேட்பது நியாயம். இடையூறு இதுதான்: இலிதியத்தை ஏற்கும்போது பென்சிற்கரி பத்தில் ஒரு பங்கு அளவே பருக்கும், சிலிக்கனின் கனவளவோ மூன்றரை மடங்குக்கும் மேலாகிவிடும். இலிதியம் வெளியேறியதும் மீண்டும் சுருங்கும். மாரியில் ஊறிப் பொங்கிக் கோடையில் வெடிக்கும் மண் என்னவாகும் என்பது மலைநாட்டார்க்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சிலிக்கனும் அவ்வாறே வெடித்துப் பொடியாகும். வெடித்த புதுமுகங்களில் எல்லாம் மின்பகுபொருள் தாக்கமுற்று, இலிதியம் வீணாகும். மிகுதியாக உண்டவன் தன் வயிற்றாலேயே கெட்டதுபோல், அதன் பெருங்கொள்ளளவே அதற்குப் பகையாயிற்று.

இதற்கு மாற்று 2008இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் யி சுய் குழுவினரால் காட்டப்பட்டது. தலைமயிரின் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்களவான சிலிக்கன் இழைகளைப் புல்போல் வளர்த்தால், அவற்றிடையே பருக்க இடமிருக்கும். ஆதலால் அவை உடையா. இன்று பல தொழிற்சாலைகள் பென்சிற்கரியோடு சிறிதளவு சிலிக்கன் ஒட்சைட்டைக் கலக்கின்றன. பென்சிற்கரி உறுதியைத் தர, சிலிக்கன் கொள்ளளவைத் தருகிறது. 2013இல் கொரிய ஆய்வாளர் சிலர் நெல்லுமியிலிருந்தே இத்தகைய சிலிக்கனைப் பெற்றுக் காட்டினர். உமியில் மணற்சத்து நிறைய உண்டு. உமிக்கரியால் பல் துலக்கிய முன்னோர், அந்தச் சத்தைக் கையாண்டவர்களே.

தமிழர் வாழும் நிலத்தில் இவ்வறிவுக்கு ஒரு பழைய கோயிலும் உண்டு. காரைக்குடியில் வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாவும் ஈந்தார். அதனால் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் அதனைத் திறந்துவைத்தார். இலிதிய மின்கல ஆராய்ச்சி அங்கே நடைபெறுகிறது. இலங்கையிலும், கண்டி ஹந்தானையிலுள்ள தேசிய அடிப்படை ஆய்வுகள் நிறுவகத்தில், இந்நாட்டுப் பென்சிற்கரியை இலிதிய மின்கலத்தின் அனோட்டுக்கு ஏற்றவாறு பக்குவப்படுத்தும் ஆய்வுகள் நிகழ்ந்துள்ளன.

இது வெறும் ஆய்வுகூடச் செய்தியன்று. 2022 மார்ச்சு மாத இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு நிலவியதை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். பரீட்சைக்குப் படித்த பிள்ளைகள் மண்ணெண்ணெய்க்கும் வழியின்றி இருளில் இருந்தார்கள். பகல் வெயிலையும் மழைநீரையும் இரவுக்குச் சேர்த்து வைக்கும் கலம் எத்துணை வேண்டப்படுவது என்பதை அந்த இருள் உணர்த்தியது. நிலத்தடியில் தூய பென்சிற்கரி இருக்கிறது. நாத்தாண்டியாவில் கண்ணாடி செய்யும் வெண்மணல் இருக்கிறது. வயல்தோறும் உமி இருக்கிறது. ஆனால் உலகில் அனோட்டுக்கான பென்சிற்கரியின் பெரும்பங்கைப் பக்குவப்படுத்துவது சீனாவே. பொருள் உள்ள நாடு ஒன்று. அதனைப் பண்டமாக்கத் தெரிந்த நாடு மற்றொன்று.

மூசைக்காலத்தில் இந்நாடு கரியை அனுப்பிக் காசு பெற்றது, அறிவைப் பெறவில்லை. அந்தப் பிழை இரண்டாம் முறையும் நேருமா, நேராதா என்பது சுரங்கத்தின் ஆழத்தைப் பொறுத்ததன்று. பள்ளிக்கூடங்களின் ஆழத்தைப் பொறுத்தது. டயகமவின் மலைப்பாதையில் புத்தகப்பையோடு நடக்கும் பிள்ளைக்கு இரசாயனம் படிப்பிக்க ஓர் ஆசிரியரும், செய்து பார்க்க ஓர் ஆய்வுகூடமும் கிடைக்குமானால், அடுத்த அத்தியாயத்தை எழுதும் கை அந்தப் பிள்ளையினுடையதாகவும் இருக்கலாம்.