குவோல்ட்வாக்கா

ஐஸ்லாந்துப் பண்ணைவீடுகளில் குளிர்காலம் நெடுக நடந்துவந்த இரவு வழக்கம். 'மாலை விழிப்பு' என்பது பெயரின் பொருள். வீட்டாரும் பண்ணையாட்களும் ஓரறையில் கூடிக் கம்பளி வேலை பார்க்க, ஒருவர் மட்டும் உரக்கப் படிப்பார். அந்நாட்டுப் பிள்ளைகள் பல தலைமுறைகளாகப் படிக்கக் கற்றது இந்த அறையில்தான்.

அதற்குக் காரணம் நாட்டின் அமைப்பு. 1703 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இருந்தவர்கள் 50,358 பேர். ஊர் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஒன்றுக்கொன்று எட்டாத தொலைவில் தனித்தனிப் பண்ணைகள். ஸ்கால்ஹோல்ட், ஹோலார் என்ற இரு பேராலயத் தலங்களில் இருந்த இலத்தீன் பள்ளிகள் பாதிரியார் ஆகப்போகும் பையன்களுக்கானவை.

அந்தி மயங்கியதும் எல்லாரும் சற்றுக் கண்ணயர்வார்கள். விளக்குக்கு ஊற்றும் எண்ணெய் மிச்சமாகும். பிறகு சுறா ஈரல் எண்ணெயில் பஞ்சுப்புல் திரி எரியத் தொடங்கும். புல்மண் சுவருக்குள், கட்டில்களே இருக்கைகள். பெண்கள் நூற்பார்கள், ஆண்கள் கம்பளியைச் சிக்கெடுப்பார்கள், சிறுசுகள் கையிலும் பின்னலூசி இருக்கும். வேலையிலிருந்து விடுதலை, விளக்கடியில் உட்கார்ந்து படிப்பவருக்கு மட்டுமே. சாகா என்னும் பழங்கதைகளைப் படிப்பார். ரீமூர் என்னும் கதைப்பாட்டுகளை இழுத்து ராகம் போட்டுச் சொல்வார். முடிவில் பக்தி வாசிப்பு: யோன் வீடாலினின் பிரசங்க நூல், தவக்காலமானால் இயேசுவின் பாடுகளைப் பற்றி ஹால்கிரீமூர் பியேத்துர்சொன் எழுதி 1666இல் அச்சான 50 பாடல்கள்.

இதை அறிவுத் தாகம் என்று மட்டும் புகழ்வது பாதி உண்மை. கம்பளி வேலை முடிந்தாக வேண்டும், தூங்கிவிடக் கூடாது. கதை அதற்கும் உதவியது. கிறிஸ்துமஸ் நெருங்கும்போது இமை மூடாதிருக்கச் சிறு குச்சிகளைக் கண்ணில் பொருத்திக்கொண்டதாக நாட்டார் வழக்குகள் சொல்கின்றன.

மறுபாதி, திருச்சபையின் கண்டிப்பு. அப்போது ஐஸ்லாந்தை ஆண்டது, தரங்கம்பாடியை ஆண்ட அதே டேனிஷ் அரசு. அது லுட்விக் ஹார்போ என்பவரை 1741 முதல் 1745 வரை நாடு முழுக்கச் சோதனைக்கு அனுப்பியது. படிக்கத் தெரியாதவர்கள் ஏராளம் என்று தெரிந்தது. 1746இல் வந்த வீட்டொழுங்கு ஆணை, பிள்ளைகளின் படிப்பையும் பக்தியையும் வீட்டுத் தலைவர் பொறுப்பில் வைத்தது. பாதிரியார் வீடுவீடாகப் போய்ப் படிக்கச் சொல்லிக் கேட்டுப் பதிவேட்டில் குறிப்பார். வேடிக்கை என்னவென்றால், அதே ஆணை சாகாக்களையும் ரீமூரையும் வீண்கதை என்று ஒதுக்கியது. வீடுகளோ இரண்டையும் விடாமல் படித்தன.

படிப்பு பரவிய அளவுக்கு எழுத்து பரவவில்லை. பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்ற பேச்சு அங்கேயும் இருந்தது. எழுத்தும் கணக்கும் கற்பிக்க வேண்டும் என்ற சட்டம் 1880இல்தான் வந்தது. 1907 சட்டம் 10 முதல் 14 வயது வரை கல்வியைக் கட்டாயமாக்கியது. அதற்கு முன்பே பிள்ளை வீட்டில் படிக்கக் கற்றிருக்கும் என்று அதுவும் எதிர்பார்த்தது.

பண்ணைகளை விட்டு ஜனங்கள் ரெய்க்கியாவிக்குக் குடிபெயர, வழக்கம் தேய்ந்தது. 1930இல் தொடங்கிய தேசிய வானொலி, குவோல்ட்வாக்கா என்ற பெயரிலேயே ஒரு நிகழ்ச்சியை நடத்தியது. தவக்காலத்தில் அந்த 50 பாடல்களை இரவுக்கு ஒன்றாக வானொலியில் வாசிக்கும் வழக்கமும் வேரூன்றியது.