நிறுத்திக் காத்த இதயம்

மலைக்குளிரில் பிள்ளைகளுக்கு வரும் தொண்டைவலியை நாம் பெரிதாக எண்ணுவதில்லை. மிளகுக் கஷாயத்தோடு விட்டுவிடுகிறோம். பெரும்பாலும் அது தானே மாறிவிடும். ஆயினும் ஒருவகைக் கிருமியால் வருவது, சிலருக்கு மூட்டுகள் வீங்கும் காய்ச்சலாக மாறும். வீக்கம் மறைந்த பின்னும் இதய வால்வுகளில் தழும்பு எஞ்சிவிடுகிறது.

அவ்வால்வுகளுக்கான அறுவை மருத்துவத்தில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குத் தனியிடம் உண்டு. ரீவ் பெட்ஸ் என்னும் அமெரிக்க மருத்துவர் 1940-களின் இறுதியில் அங்கு நெஞ்சறுவைப் பிரிவுக்கு அடித்தளமிட்டார். சுருங்கிய மைட்ரல் வால்வை, இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே, விரலும் விரிப்பானும் செலுத்தித் திறந்தனர். கண் காணாத இடத்தில் விரல்நுனியே கண்ணாயிற்று! இவ்வாறு சிகிச்சை பெற்ற 3,724 பேரின் நிலையை ஸ்டான்லி ஜானும் உடன் பணியாற்றியோரும் 1983-இல் வெளியிட்டனர். விலையுயர்ந்த இயந்திரமின்றி ஏழைகளுக்குச் செய்த இப்பணி, நம் கருத்தில், இன்னும் உரிய புகழைப் பெறவில்லை.

முற்றும் சிதைந்த வால்வுக்கு இது போதாது. இதயத்தைத் திறக்க வேண்டும். அதற்கு அதை நிறுத்த வேண்டும். 1953-இல் கிப்பனின் இயந்திரம் உடலுக்குக் குருதி ஊட்டியது. ஆனால் அந்நேரம் குருதி பெறாத இதயத்தசையைக் காப்பது எவ்வாறு? 1955-இல் இலண்டனில் மெல்ரோஸ் பொட்டாசியம் சிட்ரேட்டால் இதயத்தை நிறுத்தினார். கரைசலின் அடர்த்தி மிகுந்ததால் தசையே கெட்டது; முறை கைவிடப்பட்டது. கருத்து தவறன்று, அளவே தவறு. 1970-களில் அந்நகரின் செயிண்ட் தாமஸ் மருத்துவமனையில் ஹெர்சும் பிரெய்ம்பிரிட்ஜும் மிதமான பொட்டாசியக் கரைசலைக் குளிர்வித்துச் செலுத்தினர். துடிப்பு நின்று குளிர்ந்த தசைக்கு உயிர்வளி மிகக் குறைவாகவே தேவை. வால்வை மாற்றும் அவகாசம் இவ்வாறு கிட்டியது.

வால்வின் விலை அடுத்த தடை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் வலியத்தான் தலைமையில் உருவான வால்வு, முந்தைய மாதிரிகள் தோற்ற பின், 1990 டிசம்பர் 6-இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது.

உலோக வால்வு பெற்றவர் குருதி உறையாதிருக்க வாழ்நாளெல்லாம் மாத்திரை உண்ண வேண்டும். அளவு குறைந்தால் வால்வில் குருதி உறையும், கூடினால் உட்கசிவு. தாய்மையுற்ற பெண்ணுக்கோ, அம்மாத்திரை கருவையும் தாக்கக்கூடும். ஆகவே அடிக்கடி குருதிச் சோதனை தேவை. மன்னவனூரிலோ பூம்பாறையிலோ வாழும் கூலித் தொழிலாளிக்கு அது ஒருநாட் கூலியும் மலைப்பாதைப் பேருந்துப் பயணமும் ஆகும். காய்ச்சல் கண்ட பிள்ளைக்கோ, மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி, பல்லாண்டுகள் தவறாமல்.