திருநெல்வேலி வட்டாரத்தில் மருத்துவக் காப்பீட்டுப் போட்டி

தாமிரபரணிக் கரை ஊர்களில் மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு இரண்டு சந்தைகள் உண்டு. ஒன்றில் குடும்பமே பிரீமியம் கட்டுகிறது. இன்னொன்றில் குடும்பத்துக்காக அரசு கட்டுகிறது. முதலாவதில் வாடிக்கையாளரைப் பிடிக்கப் போட்டி, மற்றதில் அரசு டெண்டரைப் பிடிக்கப் போட்டி.

1986-இல் நான்கு பொதுத்துறை நிறுவனங்கள் மெடிகிளைம் பாலிசியைக் கொண்டுவந்தன. 2000-இல் தனியார் நிறுவனங்கள் வந்தன. 2006-இல் சென்னையில் தொடங்கிய ஸ்டார் ஹெல்த், மருத்துவக் காப்பீட்டை முதன்மைத் தொழிலாகக் கொண்ட இந்தியாவின் முதல் தனி நிறுவனம். முதியோருக்கு, சர்க்கரை நோயாளிகளுக்கு என்று தனித்தனிப் பாலிசிகள் பெருகின.

பாலிசிகளின் உண்மையான வேறுபாடு நிபந்தனைகளில் இருக்கிறது. அறை வாடகை வரம்பு நாளுக்கு 3,000 ரூபாய் என்றிருக்க, 6,000 ரூபாய் அறையில் படுத்தால், வாடகையில் மட்டுமல்ல, மருத்துவர் கட்டணம், அறுவைக் கட்டணம் ஆகியவற்றிலும் பாதி வெட்டுப்படலாம். டிஸ்சார்ஜ் நாளில்தான் பல குடும்பங்களுக்கு இது தெரியவருகிறது. வேதனையான நேரம் அது.

இந்தக் குழப்பத்துக்கு மாற்றாக 2020 ஏப்ரலில் ஆரோக்கிய சஞ்சீவனி என்ற பொதுப் பாலிசி வந்தது. எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் ஒரே நிபந்தனைகள். பில்லில் 5 சதவீதம் நோயாளி பங்கு. விலையும் மருத்துவமனைப் பட்டியலும் கிளைம் தீர்க்கும் வேகமுமே அதில் வேறுபடும். அம்பாசமுத்திரத்துக்காரர் ஏஜென்ட்டிடம் முதலில் கேட்க வேண்டியதும் பட்டியலைத்தான்: பாளையங்கோட்டையில் எங்கெங்கே கேஷ்லெஸ் உண்டு, மேல்சிகிச்சைக்கு மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ போனால் கிடைக்குமா? 2011 முதல், ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காப்பு கிடைக்கக் காத்திருந்த காலத்தை இழக்காமல் வேறு நிறுவனத்துக்கு மாறவும் முடிகிறது.

அரசுத் திட்டத்தில் பொருள் ஒன்றே. 2009 ஜூலையில் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தை ஸ்டார் ஹெல்த் நடத்தியது. 2012 ஜனவரியில் வந்த முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் யுனைடெட் இந்தியாவிடம் போனது. ஆண்டு வருமான வரம்பு பின்னர் 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாயாக உயர்ந்தது. காப்பு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம். முக்கூடலில் பீடி சுற்றும் பெண் வி.ஏ.ஓ. தரும் வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் கொண்டு இதில் சேரலாம். நிறுவனம் எது என்று அவர் தேர்ந்தெடுப்பதில்லை; மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கிறார். போட்டி அங்கே இடம் மாறுகிறது. 1965-இல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையும் தனியார் மருத்துவமனைகளைப் போலவே, இந்தத் திட்ட அட்டையில் அளிக்கும் சிகிச்சைக்குக் காப்பீட்டுத் தொகை பெறுகிறது.