இலவச மின்சாரமும் ஒஸ்லோ நகரசபையும்



நோர்வே நாட்டின் தலைநகராகிய ஒஸ்லோவில், மின்சார மோட்டார் வண்டிகளுக்கென நகரசபை தெருவோரங்களில் நாட்டிய மின்னேற்றுங் கம்பங்களுக்கு ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் எவரும் கட்டணம் செலுத்தியதில்லை. 2019 ஆம் ஆண்டில் அந்நிலை மாறிற்று. ஏன் மாறிற்று என்பதை அறிய வேண்டுமாயின், முப்பது ஆண்டுகள் பின்னே சென்று ஒரு சிறிய காரின் கதையிலிருந்து தொடங்குதல் வேண்டும்.

1989 ஆம் ஆண்டில், 'ஆஹா' என்னும் இசைக்குழுவினர் சிலரும், 'பெலோனா' என்னும் சுற்றாடல் இயக்கத்தைச் சேர்ந்த பிரெடரிக் ஹவுகேயும் மின்சாரத்தில் ஓடும்படி மாற்றப்பட்ட ஃபியட் பாண்டா கார் ஒன்றை நோர்வேக்குக் கொண்டுவந்தனர். புகை கக்காத வண்டிக்குப் பாதைக் கட்டணம் எதற்கு என்று கேட்டு, சுங்கச் சாவடிகளில் அவர்கள் பணம் செலுத்த மறுத்தார்கள். அதிகாரிகள் வண்டியைப் பறிமுதல் செய்து ஏலத்தில் விட, அவர்களே அதனைத் திரும்ப வாங்கிக்கொண்டு மீண்டும் சாவடியை நோக்கி ஓட்டினார்கள்! பிடிவாதம் வீண்போகவில்லை. 1990 இல் இறக்குமதி வரியும், 1997 இல் பாதைக் கட்டணமும், 2001 இல் பெறுமதி சேர்த்த வரியும் மின்சார வண்டிகளுக்கு நீக்கப்பட்டன. 1999 இல் நகரசபைத் தரிப்பிடங்களும் இலவசமாயின.

இச்சலுகைகளின் தொடர்ச்சியாகவே 2008 இல் ஒஸ்லோ நகரசபை, 2011 இற்குள் 400 மின்னேற்றும் இடங்களை அமைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. தரிப்பிடமும் இலவசம்; மின்சாரமும் இலவசம். நீர்வீழ்ச்சிகளின் வலுவால் தன் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அக்காலத்தில் பெற்றுவந்த நாட்டுக்கு அது பெருஞ்செலவாகத் தோன்றவில்லை.

ஆயினும் இங்கே ஒரு கணக்கு உண்டு. அக்காலக் கம்பங்கள் பெரும்பாலும் வீட்டுச் செருகியைப் போன்றவை. மணிக்கு மூன்றரை அலகு அளவிலேயே மின்சாரம் வழங்குவன. 2011 இல் அங்கு விற்பனைக்கு வந்த நிசான் லீஃப் வண்டியின் மின்கலமோ 24 அலகு கொள்ளும். வெறுமையான மின்கலம் நிறைய ஏழு மணி நேரம் வேண்டும். நிறைந்த பின்னரும் வண்டி நகர்வதில்லை. நம்மூர்த் தண்ணீர்ப் பந்தலில் தாகந் தீர்ந்தவன் செம்பை வைத்துவிட்டு எழுந்து போவான். இங்கே தாகந் தீர்ந்தவர் பந்தலிலேயே படுத்துறங்கினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உரிமையாளரைக் குறை கூறுவதற்குமில்லை. நகர மத்தியில் இலவசமாகக் கிடைத்த தரிப்பிடத்தை யார்தான் விடுவார்?

வண்டிகள் சிலவாக இருந்தவரை இது பொறுக்கத்தக்கதாயிற்று. 2019 இலோ நோர்வேயில் விற்பனையான புதிய கார்களில் நூற்றுக்கு 42 மின்சாரக் கார்கள். சொந்தக் கொட்டகை உள்ளவர் வீட்டிலேயே மின்னேற்றிக்கொள்ளலாம். தொடர்மாடி வீட்டில் வசிப்பவருக்குத் தெருக் கம்பமே கதி. அவருக்கு வேண்டியது இலவச மின்சாரமன்று, ஒழிந்து கிடக்கும் ஓர் இடம். அன்றியும், கார் வாங்க இயலாது பேருந்தில் செல்பவருடைய வரிப்பணமும் அந்தக் கம்பங்களிலே கரைந்துகொண்டிருந்தது. அவ்வாண்டு நகரசபை விதித்த கட்டணம் மின்சார அலகை அளந்தன்று, வண்டி நின்ற நேரத்தை அளந்தே அறவிடப்பட்டது. உண்மையில் அருமையாக இருந்த பொருள் இடமேயாதலால், அம்முறை தக்கதே என்பது என் கருத்து. எனினும், இலவசம் என்ற வாக்கை நம்பி வண்டி வாங்கியவரின் மனக்குறையையும் அற்பமென்று தள்ளிவிட முடியாது.

விற்பனை தளரும் என்று அஞ்சியவர்களும் இருந்தனர். 2024 இல் அங்கு விற்பனையான புதிய கார்களில் நூற்றுக்கு 89 வரை மின்சாரத்தில் ஓடுவன. பாண்டாக் காரை ஏலத்துக்கு அனுப்பிய அந்தப் பாதைக் கட்டணமும், ஒஸ்லோவின் சாவடிகளில் 2019 யூன் முதல் மின்சார வண்டிகளிடமிருந்து அறவிடப்பட்டு வருகின்றது.